ஹீட் முள்ளும் என் வாயும்

திண்டுக்கல்லில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலை பார்ப்பவன் நான். பேட்டரி, செல்ஃப் மோட்டார், டைனமோ, ஹாரன், லைட் என்று எதைக் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பியதில்லை. "எனக்குத் தெரியல" என்று ஒரு வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை வாயில் வராததால் ஒரு வண்டியின் இன்ஜினைக் கெடுத்தேன். அதைவிட மோசமாக, அதை ஓட்டியவரின் வேலையைக் கெடுத்தேன். என் வீட்டில்கூட இது தெரியாது.

என்ன கம்பெனி வண்டி என்பது வேண்டாம், தப்பு வண்டியில் இல்லை. எங்கள் பக்கம் வேன் என்றாலே மாருதி வேன்தான். 1984-இல் வந்தது, 2019-இல் நின்றது. நடுவில் ஆம்னி என்று பெயர் மாற்றிப் பார்த்தார்கள். ஊர்ச்சனம் கடைசிவரை மாருதி வேன் என்றுதான் சொன்னது. முன்சீட்டுக்கு அடியில் மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜின். டிரைவர் அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டுவார். அந்த மாதிரி சின்ன வேன்களில் மீட்டர் போர்டும் சின்னதாகத்தான் இருக்கும். ஸ்பீடு மீட்டர் கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிளில் சுற்றும், அதற்கு மின்சாரமே தேவையில்லை. பக்கத்தில் பெட்ரோல் முள், ஹீட் முள். கீழே ஆயில் லைட், சார்ஜ் லைட், பிரேக் லைட். கழற்றித் திருப்பினால் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் தாமிரக் கோடுகள் ஓடும், அதில் பல்பு ஹோல்டர்களைத் திருகியிருப்பார்கள். அவ்வளவுதான். கோயம்புத்தூரில் பிரிக்கால் கம்பெனி 1970-களிலிருந்து வண்டிகளுக்கு மீட்டர் செய்கிறது. அந்த மாதிரி மீட்டர்களைப் பிரித்துப் பிரித்துத்தான் நான் கை பழகினேன்.

மீட்டர் போச்சு என்று பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலும் மீட்டர் நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் போகிற கரண்டிலோ, அதிலிருந்து திரும்புகிற எர்த்திலோதான் கோளாறு இருக்கும். இதை இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு இதைப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. டேஷ்போர்டு வேலை என்றால் மல்லாக்கப் படுத்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, காலை வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் வியர்வை கண்ணில் இறங்கும். ஒயரின் நிறம் தெரியாது. எனக்கு முன்னால் கைவைத்தவர்கள் சுற்றிய இன்சுலேஷன் டேப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்றுதான் இருக்கும். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். எதன் மேல் சந்தேகமோ அதை மாற்றிவிடுவது. சரியானால் என் திறமை. சரியாகவில்லை என்றால் அடுத்ததை மாற்றுவது. காசு வண்டிக்காரருடையது.

நான் கெடுத்த அந்த வேன் சிறுமலைக்கு வாடகை ஓடியது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் ரோட்டில் போய்த் திரும்பினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். மேலே பழையூர், புதூர், தென்மலை, அகஸ்தியர்புரம். ஏறும்போது ஆட்கள், இறங்கும்போது எலுமிச்சை மூட்டை, பலா, வாழைத்தார். தோட்டத்துக்குள்ளிருந்து ரோட்டுக்குக் குதிரை முதுகில் வரும் சரக்கு, ரோட்டிலிருந்து திண்டுக்கல் ஊருக்குள் இருக்கிற சிறுமலை செட் என்கிற சந்தைக்கு வண்டியில் வந்து சேரும். சிறுமலை வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பழத்தை இறக்குகிற வண்டிகள் என்ன பாடு படுகின்றன என்பது எங்களைப் போல் பட்டறைக்காரர்களுக்குத்தான் தெரியும். பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட்டு எல்லாம் மலை வண்டிகளுக்குச் சீக்கிரம் தேயும். ஒயரிங்கை ஈரம் தின்னும். கீழே வெயில் கொளுத்தும்போது மேலே மேகம் இறங்கி நிற்கும். அந்த ஈரத்தில் கப்ளருக்குள் இருக்கிற பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு படியும்.

மேகம் இறங்கினால் எதிர்வரும் வண்டி தெரியாது என்று வேன் முதலாளி மஞ்சள் லைட் மாட்டச் சொன்னார். 55 வாட் பல்பு இரண்டு. கூடவே ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனியாக ஒரு ரிலே போடச் சொன்னார். பழைய சுவிட்சின் பாயிண்ட் கருகிப்போயிருந்தது. நான் இரண்டு ரிலேவையும் டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டினேன். எர்த் வேண்டும். கண்ணெதிரே ஒரு இரும்புப் பட்டையில் கம்பெனி போட்ட எர்த் போல்ட் இருந்தது. மீட்டர் போர்டின் எர்த்தும் அதில்தான் வந்து சேர்ந்திருந்தது. கழற்றினேன். போல்ட் கைதவறிக் கீழே விழுந்து, தரை மேட்டுக்கு அடியில் எங்கோ உருண்டுபோனது. தேடவில்லை. பையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து, அந்தப் பட்டையிலேயே வேறு ஒரு ஓட்டையில், பெயின்ட்டைக்கூடச் சுரண்டாமல், மீட்டர் எர்த், மஞ்சள் லைட் எர்த், ஃபேன் ரிலே எர்த் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து முறுக்கிவிட்டேன். லைட் பளிச்சென்று எரிந்தது. காசு வாங்கிக்கொண்டேன்.

பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கொஞ்ச நாளில் டிரைவர் வந்தார். என்னைவிட இளையவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். "அண்ணே, மஞ்ச லைட்டப் போட்டா ரெண்டு முள்ளும் மேல ஏறுது. அணைச்சா இறங்கிருது. இத மாட்டுனதுல இருந்துதாண்ணே இப்பிடி" என்றார்.

இதற்கு மேல் ஒரு டிரைவர் என்ன சொல்ல வேண்டும்? எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது, எப்போதிலிருந்து என்று மூன்றையும் சொல்லிவிட்டார். இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் மூன்றாவது சங்கதி என் கையைக் காட்டியது. அதனால் என் காது அதை மட்டும் கேட்கவில்லை. "மஞ்ச லைட்டுக்கும் ஹீட்டு மீட்டருக்கும் என்ன தம்பி சம்பந்தம்? அது வேற லைனு, இது வேற லைனு" என்றேன். அவர் தலையாட்டினார். மேஸ்திரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

சம்பந்தம் என்ன என்று சொல்கிறேன். பெட்ரோல் டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது மேலே போனால் மின்தடை ஒரு பக்கம் மாறும், கீழே வந்தால் மறுபக்கம் மாறும். இன்ஜினில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஹீட் சென்சார் திருகியிருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். இந்த மாற்றங்களைத்தான் முள் காட்டுகிறது. பேட்டரியின் வோல்ட் ஏறி இறங்குவதற்கெல்லாம் முள் ஆடக்கூடாது என்று பழைய மீட்டர்களுக்குள் ஒரு சின்ன ரெகுலேட்டர் வைத்திருப்பார்கள். அது 12, 14 வோல்ட்டை வாங்கி, மட்டாக ஒரே அளவு வோல்ட்டை இரண்டு முள்ளுக்கும் கொடுக்கும். சில வண்டிகளில் அது 10 வோல்ட், சிலவற்றில் அதற்கும் கீழே. அந்த ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்ய அதற்கு நல்ல எர்த் வேண்டும். எர்த் போனால் அது கட்டுப்பாட்டை விட்டுவிடும், அதிக வோல்ட் முள்ளுக்குப் போகும், இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும். பெட்ரோல் முள்ளுக்கும் ஹீட் முள்ளுக்கும் சென்சார் வேறு, ஒயர் வேறு, வேலை வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொதுவாக இருப்பது கரண்ட், ரெகுலேட்டர், எர்த். மூன்றே இடம். நான் மூன்றையும் விட்டுவிட்டு வண்டியெல்லாம் தேடினேன்.

முதலில் ஹீட் சென்சாரை மாற்றினேன். அப்புறம் டேங்கை இறக்கி மிதவை யூனிட்டை மாற்றினேன். பெட்ரோல் வாடையில் தலைவலி வந்ததுதான் மிச்சம். பிறகு மதுரையிலிருந்து ஒரு பழைய மீட்டர் போர்டு வரவழைத்து மாட்டினேன். அந்த போர்டிலும் முள் அதே மாதிரி ஏறியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "மதுரக்காரன் கெட்ட மீட்டரக் குடுத்துட்டான்" என்றேன். யார் என்றே தெரியாத ஒரு பழைய சாமான் வியாபாரியின் மேலும் பழியைப் போட்டாயிற்று.

எர்த்தைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, ஒரு முனையை மீட்டர் எர்த்திலும் மறுமுனையைப் பாடியிலும் தொட்டேன். பீப் என்றது. எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

இங்கேதான் என்னைப் போல் பழக்கத்தில் கற்றுக்கொண்டவர்கள் கவிழ்வது. பஸ்ஸர் அனுப்புவது துளியூண்டு கரண்ட். திருகாணியின் மரையில் எங்கோ ஒரு முனை இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், அது பீப் அடித்துவிடும். மின்தடை 0.3 ஓம் என்றாலும் அடிக்கும், 10 ஓம் என்றாலும் பல மீட்டர்கள் அடிக்கும். ஆனால் 55 வாட் பல்பு இரண்டு எரியும்போது அந்த வழியாக எட்டு, ஒன்பது ஆம்பியர் ஓட வேண்டும். அப்போது அந்த 0.3 ஓம் இரண்டு வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். மீட்டர் போர்டு எதை பூஜ்யம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதோ, அது பூஜ்யமாக இருக்காது. இரண்டு வோல்ட்டாக இருக்கும். வேலை இல்லாதபோது எர்த்தைச் சோதிப்பது சோதனையே இல்லை. லைட், வைப்பர், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையை மீட்டர் எர்த்திலும் வைக்க வேண்டும். 0.1, 0.2 வோல்ட் காட்டினால் சரி. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வழியில் கோளாறு. ஒரு நிமிட வேலை. ஒரு நட்டு கழற்ற வேண்டியதில்லை. அன்றைக்கு அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

செய்யவில்லை. டிரைவர் மறுபடி வந்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. கடையில் வேறு இரண்டு வண்டி நின்றது. முதலாளியிடம் இனிமேலும் சாமான் வாங்கச் சொல்ல முகம் இல்லை. "வண்டி ஓடுதுல்ல? ஹீட்டு ஆகலல்ல? அந்த முள்ளு பொய் சொல்லுது தம்பி. கண்டுக்காம ஓட்டு" என்றேன்.

ஒரு எலெக்ட்ரீஷியன் சொல்லக்கூடாத வார்த்தை அது. முள் தப்பாகக் காட்டினால், அது தப்பாகக் காட்டும் வரை அந்த வண்டிக்கு ஹீட் மீட்டர் இல்லை என்று அர்த்தம். சரியாகும் வரை மலைக்கு ஏற்றாதே என்றாவது சொல்லியிருக்க வேண்டும். கண்டுகொள்ளாதே என்று சொன்னதால், பொய்யையும் மெய்யையும் சேர்த்தே கண்டுகொள்ளாமல் இருக்க அவரைப் பழக்கினேன்.

அது ஐப்பசி மாதம் என்று ஞாபகம். அகஸ்தியர்புரத்துக்கு மேலே இருக்கிற வெள்ளிமலைக் கோயிலுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். போகிற வழியில் ஹாரன் அடிக்கவில்லை என்று காலையில் கடை வாசலில் நிறுத்தினார். நான் ஹாரனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கடைக்குள் வந்து குடத்தை எடுத்துப்போய் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். மூடியைத் திருகி, ஒருமுறை அழுத்தியும் பார்த்தார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

மலை ஏறும்போது வண்டி இரண்டாம் கியரில் ஊர்ந்துதான் போகும். இன்ஜின் கதறும், ஆனால் வண்டியின் வேகம் சைக்கிள் வேகம். ரேடியேட்டரில் அடிக்கிற எதிர்காற்று இருக்காது. சூட்டை இறக்க ஃபேன் ஒன்றுதான் கதி. மேலே ஊர்கள் ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் கொடுத்துக் கொதிநிலையை ஏற்றி வைத்திருப்பதால்தான் வண்டிகள் தாங்குகின்றன. ஃபேன் மட்டும் நின்றுவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வெகுநேரம் நிற்காது.

அன்று ஃபேன் நின்றது. பாதி மலையில் மேகம் இறங்கியதும் மஞ்சள் லைட்டைப் போட்டிருக்கிறார். வைப்பரும் ஓடியிருக்கிறது. குலுங்கிக் குலுங்கித் திருகாணி கிட்டத்தட்ட முழுக்கத் தளர்ந்துவிட்டது. எர்த் இல்லாமல் ரிலே பிடிக்கவில்லை. ரிலே பிடிக்காமல் ஃபேன் சுற்றவில்லை. முள் ஏறியது. இரண்டு முள்ளும்தான் ஏறின, எப்போதும் போல. பெட்ரோல் முள் பொய்யாக ஏறியது, ஹீட் முள் மெய்யாகவும் ஏறியது. பார்க்கிறவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்? "பாத்தேண்ணே. நீங்கதான் கண்டுக்காதன்னீங்கள்ல, அதான் ஓட்டிட்டேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

கடைசி வளைவுகளுக்குள் இழுவை குறைந்து, சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்து வண்டி நின்றுவிட்டது. சக்கரத்துக்குக் கல் வைத்து எல்லோரையும் பத்திரமாக இறக்கியிருக்கிறார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் வயிறு கலங்கும். ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவில் வண்டி நின்று பின்னால் உருண்டிருந்தால் நான் இந்த மாதிரி நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வேனை ஒரு லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்திருந்தது. லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்ய வேண்டியதாயிற்று.

இன்ஜின் மேஸ்திரி வேலை முடித்ததும் ஒயர்களை மாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்டீயரிங்குக்கு அடியில் படுத்தேன். டார்ச் அடித்ததுமே தெரிந்தது. என் திருகாணி, விரலால் தொட்டால் ஆடியது. லக்கைச் சுற்றிக் களிம்பு. பட்டையில் பெயின்ட் அப்படியே, திருகாணி உட்கார்ந்த இடத்தில் மட்டும் கருகிய ஒரு வட்டம். சாவியைப் போட்டு ஃபேன் ரிலேவைச் சோதித்தேன். பிடித்தது, விட்டது, பிடித்தது, விட்டது.

யாரும் பார்க்கவில்லை. உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து இரும்பைப் பளபளப்பாக்கினேன். சரியான போல்ட்டைப் போட்டேன். மஞ்சள் லைட்டின் எர்த்தைப் பிரித்து, தடித்த ஒயரில் நேரே பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோனேன். ஃபேன் ரிலேவுக்கும் தனியாக. லைட்டைப் போட்டேன், அணைத்தேன். முள் இரண்டும் அசையவில்லை. பழைய திருகாணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "முள்ளு இப்ப நிக்குதேய்யா! ஒனக்குக் கைராசிதான்" என்றார். ஒயரிங் வேலைக்கு என்று தனியாகக் காசும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பிறகுதான் கேட்டார். "அன்னைக்குக் காலைல ஒன் கடைக்கு வந்துட்டுத்தான போனான். தண்ணி கிண்ணி பாத்தானா?"

"நான் ஹாரன் வேலைல இருந்தேண்ணே. கவனிக்கல" என்றேன்.

பூட்டுக்குப் பேர்போன ஊர் இது. வாயைப் பூட்ட வேண்டிய நேரத்தில் முள் பொய் சொல்லுது என்று திறந்தேன்; திறக்க வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொண்டேன். பயம்தான் காரணம். பார்த்தான் என்று சொன்னால், அப்புறம் எப்படி ஹீட் ஆனது என்று அடுத்த கேள்வி வரும். ஃபேன் ஏன் ஓடவில்லை, ரிலே யார் போட்டது, எர்த் எங்கே எடுத்தது என்று அது திருகாணியில் வந்து முடியும். இன்ஜின் செலவு என் தலையில் விழும். மலை ஓடுகிற வண்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள், கடை படுத்துவிடும். இந்தக் கணக்கெல்லாம் அந்த ஒரு நொடியில் மனதில் ஓடியது. எர்த்தைப் பற்றி யோசிக்காத மூளை இதை மட்டும் வேகமாக யோசித்தது.

தண்ணீர் பார்க்காமல் மலை ஏற்றிவிட்டான் என்று டிரைவரை நிறுத்திவிட்டார்கள். தரவேண்டிய சம்பளத்தையும் இன்ஜின் செலவுக்குப் பிடித்துக்கொண்டார்கள். ஊருக்குள் வேறு யாரும் உடனே வண்டி கொடுக்கவில்லை. "ஹெட்ட ஊதினவன்" என்ற பேர் டிரைவருக்குச் சின்னப் பேர் அல்ல. கொஞ்ச காலம் செட்டில் மூட்டை தூக்கினார். இப்போது திருப்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார்.

ஊருக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வருவார். டீ சொல்வார், காசும் அவரே கொடுப்பார். ஒருமுறை தானாகவே, "அன்னைக்கு ரேடியேட்டர் மூடிய நான்தான் சரியாத் திருகலையோ என்னவோண்ணே. இன்னமும் அது மனசுல ஓடிட்டே இருக்கு" என்றார். அவர் அழுத்திப் பார்த்த கை என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. "இருக்கும் தம்பி, விடு" என்றேன். நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று கேட்டால் திருகாணியைச் சொல்ல மாட்டேன். முதலாளியிடம் சொன்ன பொய்யைக்கூடச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன். முதல் பொய்யில் பயம் இருந்தது. இதில் சௌகரியம் மட்டும்தான்.

இது ஒன்றோடு போயிருந்தால்கூட, ஏதோ நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். விற்கப்போகிற வண்டிக்கு ஆயில் லைட் அணையவில்லை என்று கொண்டுவந்தால், பல்பைக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆயில் அழுத்தம் குறைந்தால் எரிவதற்கு என்றே வைத்த லைட் அது. சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் பிடித்ததும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கும், ஒயர் விட்டிருக்கும், இல்லையென்றால் என்னைப் போல் ஒருவன் கைவைத்திருப்பான். சார்ஜ் லைட்டிலும் விளையாடியிருக்கிறேன். பல வண்டிகளில் டைனமோ முதலில் உயிர்பிடிக்கத் தேவையான கரண்ட் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. அது தெரியாமல் அழகுக்கு எல்இடி மாட்டிக்கொடுத்து, சார்ஜ் ஏறவில்லை என்று திரும்பி வந்த வண்டிக்கு ரெகுலேட்டர் ஐசியை மாற்றிக் காசு வாங்கியிருக்கிறேன்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு வருகிற வண்டிகளில் பெரும்பாலும் பழைய மாதிரி முள்ளுக்கு நேரே ஒயர் வருவதில்லை. இன்ஜின் கம்ப்யூட்டர் அனுப்புகிற செய்தியை மீட்டர் போர்டு படித்துக் காட்டுகிறது. பையன்கள் ஸ்கேனரைச் சொருகி, எந்தச் சென்சார் பெயர் வருகிறதோ அதை மாற்றுகிறார்கள். அந்தச் சென்சாருக்கு வருகிற கரண்டையும் எர்த்தையும் வேலை வாங்கும்போது அளந்து பார்ப்பவர் குறைவு. என் கடைப் பையன் அப்படி ஒருநாள் மாற்றக் கிளம்பியபோது நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. ஏன் இவ்வளவு கோபம் என்று அவனுக்குப் புரியவில்லை. சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

உங்கள் வண்டியில் இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினாலோ, இண்டிகேட்டர் போடும்போது முள் துடித்தாலோ, மீட்டரை மாற்றலாம் என்று சொல்கிறவரிடம் லைட்டைப் போட்டு எர்த்தில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று கேளுங்கள். கடைசியாக அந்த வண்டியில் யார் என்ன மாட்டினார் என்பதையும் சொல்லுங்கள். அவரே மாட்டியிருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

மிச்சம் இருப்பது அந்த வேன் முதலாளிக்கு. அண்ணே, உங்கள் பெயரையும் தம்பி பெயரையும் நான் எழுதவில்லை. படித்தால் உங்களுக்குத் தெரியும். அன்று காலை அவர் தண்ணீர் ஊற்றினார், மூடியையும் சரியாகத் திருகினார், நான் பார்த்தேன். நீங்கள் பிடித்துக்கொண்ட சம்பளம் அவருடையது, அதைக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு நானே போன் செய்து இதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். ஹெட் வேலைக்கு ஆன செலவு, நான் வாங்கிய ஒயரிங் காசு, சும்மா மாற்றிய சென்சார், மிதவை, மீட்டர் போர்டு எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு எடுத்து வாருங்கள். கடை பழைய இடத்தில்தான் இருக்கிறது.